யூனியன், யேல், குவினிபியாக்: பனித்தளத்தில் சிறிய கல்லூரிகள் எப்படித் தேசியச் சாம்பியன் ஆகின்றன?

கேள்வி இது: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றதும் நினைவுக்கு வருபவை லட்சம் பேர் அமரும் மைதானங்களை வைத்திருக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களே. அப்படியிருக்க, ஐஸ் ஹாக்கியின் தேசியச் சாம்பியன் பட்டியலில் மட்டும் யூனியன், லேக் சுப்பீரியர் ஸ்டேட், மிச்சிகன் டெக், குவினிபியாக் என்று வெளியார் அதிகம் கேள்விப்பட்டிராத பெயர்கள் வருவது ஏன்? அந்தப் போட்டியின் வரலாறு என்ன?

விடையின் ஒரு பகுதி பூகோளத்தில் இருக்கிறது, இன்னொரு பகுதி போட்டி நடத்தப்படும் முறையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, தொடக்கம் முதல் இன்றுவரை, கனடா நின்றுகொண்டிருக்கிறது. நான் இங்கே பேசுவது என்.சி.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதற்பிரிவுப் போட்டியைப் பற்றி. நம்மூரில் ஹாக்கி என்றால் புல்தரையும் பந்தும்தான் என்பதால் ஒரு வரி விளக்கம்: இது சறுக்குக் காலணி அணிந்து, பனித்தளத்தில், 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வட்டை மட்டையால் செலுத்தி, அணிக்கு ஆறு பேராக, இருபது நிமிடப் பகுதிகள் மூன்று ஆடும் ஆட்டம்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1896 பிப்ரவரியில் பால்டிமோரில் யேலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் மோதி 2-2 என்று சமனில் முடித்த ஆட்டம். ஆனால், தேசியச் சாம்பியன் யார் என்பதைக் களத்தில் முடிவுசெய்யும் ஏற்பாடு வருவதற்கு அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் விக் ஹெய்லிகர் மற்றப் பயிற்சியாளர்களைத் திரட்டி அந்த யோசனையை நிறைவேற்றினார். இடம் கொடுத்தது கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் பிராட்மூர் ஹோட்டல். அங்கே குதிரையேற்றக் கூடமாக இருந்த கட்டடத்தை 1938இல் பனித்தளமாக மாற்றியிருந்தார்கள். 1948இல் அங்குதான் முதல் போட்டி நடந்தது. கிழக்கிலிருந்து டார்ட்மத், பாஸ்டன் காலேஜ், மேற்கிலிருந்து மிச்சிகன், கொலராடோ காலேஜ் என நான்கே அணிகள். மிச்சிகன் அரையிறுதியில் பாஸ்டன் காலேஜைக் கூடுதல் நேரத்தில் 6-4 என்றும், இறுதியில் டார்ட்மத்தை 8-4 என்றும் வென்றது. முதல் பத்துப் போட்டிகளும் அதே பனித்தளத்தில்தான் நடந்தன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில், மெல்லிய காற்றில் மூச்சு வாங்க ஆடுவது கிழக்குக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு எளிதாக இருந்திருக்காது. உள்ளூர் அணியான கொலராடோ காலேஜ் தனது இரண்டு பட்டங்களையும், 1950இலும் 1957இலும், சொந்த ஊரிலேயே வென்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹெய்லிகரின் மிச்சிகன் 1948, 1951, 1952, 1953, 1955, 1956 என்று ஆறு பட்டங்களை அள்ளியது. ஒரே பயிற்சியாளர் ஆறு பட்டம் வென்றது இன்றுவரை வேறு எவருக்கும் வாய்க்கவில்லை. 1948 முதல் 1966 வரை நடந்த 19 போட்டிகளில் கிழக்கு அணிகள் வென்றவை இரண்டே இரண்டு: 1949இல் பாஸ்டன் காலேஜ், 1954இல் நியூயார்க் மாநிலத்தின் ரென்ஸலர் தொழில்நுட்பக் கல்லூரி. மற்ற பதினேழும் மேற்குக்கே போயின. உயரமான ஊர் என்ற காரணம் 1957 வரைக்குத்தான் செல்லும். அதற்குப் பின்னும் மேற்கே வென்றதற்கு உண்மையான காரணம் கனடா.

கிழக்கு அணிகள் பெரும்பாலும் நியூ இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆடிப் பழகிய உள்ளூர்ப் பிள்ளைகளைக் கொண்டு ஆடின. மேற்கு அணிகளோ கனடாவின் ஜூனியர் லீகுகளில் ஆடி முடித்து, இருபது வயதைக் கடந்து, தொழில்முறை அழைப்பு வராத இளைஞர்களை உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டன. பதினெட்டு வயதுப் பையனுக்கு எதிரே இருபத்திரண்டு வயது ஆள் நின்றால் என்ன நடக்குமோ அது நடந்தது. இந்த முறையை உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் டென்வர் பல்கலைக்கழகத்தின் மரே ஆம்ஸ்ட்ராங். சஸ்காச்சுவானைச் சேர்ந்த அவர் தன் மண்ணிலிருந்து ஆட்களை வரவழைத்து 1958, 1960, 1961, 1968, 1969 ஆகிய ஐந்து ஆண்டுகளில் பட்டம் வென்றார். 1961 இறுதியில் செயின்ட் லாரன்ஸை 12-2 என்று துவைத்தெடுத்த அணியைக் கல்லூரி அணி என்று சொல்வதற்கே எதிரிகள் தயங்கியிருப்பார்கள்.

இதற்கு உரத்த குரலில் எதிர்ப்புத் தெரிவித்தவர் மின்னசோட்டாவின் பயிற்சியாளர் ஜான் மரியுச்சி. அமெரிக்கப் பிள்ளைகளுக்குரிய இடத்தை வயது முதிர்ந்த கனடியர்களுக்குக் கொடுப்பது அமெரிக்க ஹாக்கியை வளரவிடாது என்பது அவர் வாதம். சண்டை முற்றி, 1958இல் மின்னசோட்டாவும் மூன்று மிச்சிகன் மாநிலக் கல்லூரிகளும் வெளியேறியதால் மேற்கு லீக் உடைந்தே போயிற்று. அடுத்த ஆண்டுதான் வேறு பெயரில் மீண்டும் கூடியது. வெளியேறியவற்றுள் மிச்சிகனும் மிச்சிகன் டெக்கும் தாங்களே நிறையக் கனடியர்களை வைத்திருந்தன என்பதால், அந்தக் கோபம் முழுக்கக் கொள்கை சார்ந்தது என்று என்னால் ஏற்க முடியவில்லை. மரியுச்சியோ தன் கொள்கைக்கு விலை கொடுத்தவர். 1953, 1954 ஆகிய இரண்டு இறுதிப் போட்டிகளிலும் தோற்றார். பட்டம் வெல்லாமலே பதவியை விட்டார். அவரிடம் ஆடிய ஹெர்ப் புரூக்ஸ் பின்னாளில் அதே பதவிக்கு வந்து, ஏறத்தாழ முழுக்க மின்னசோட்டாப் பிள்ளைகளையே வைத்து 1974, 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் வென்று குருவின் கணக்கைத் தீர்த்தார்.

கிழக்கு எழுந்ததும் கனடாவைக் கொண்டுதான். ரென்ஸலருக்கு 1954இல் பட்டம் வாங்கிக் கொடுத்த நெட் ஹார்க்னஸ் பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். எல்லைக்கு அப்பால் ஒன்டாரியோவிலிருந்து ஆட்களைச் சேர்த்தார்; அவர்களுள் ஒருவர் கோல்கீப்பர் கென் டிரைடன். 1967இல் கார்னெல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 4-1 என்று வென்றபோது பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் கிழக்கே வந்தது. டிரைடன் படிப்பை முடித்துச் சென்ற பின், 1970இல், கார்னெல் ஆடிய 29 ஆட்டங்களிலும் வென்று சாம்பியனானது. ஆடவர் முதற்பிரிவில் ஒரு தோல்வியோ சமனோ இல்லாமல் பட்டம் வென்ற அணி அது ஒன்றுதான்.

எழுபதுகளின் போட்டிகள் 1980 ஒலிம்பிக்கிற்கு ஒத்திகை போலவே அமைந்துவிட்டன. 1976 அரையிறுதியில் மின்னசோட்டாவும் பாஸ்டன் பல்கலைக்கழகமும் மோதிய ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே பெரும் கைகலப்பாக மாறியது. நான்கு ஆண்டுகள் கழித்து லேக் பிளாசிடில் சோவியத் அணியை 4-3 என்று வென்ற அமெரிக்க அணியில், அந்தப் பகையின் இரு பக்கத்து ஆட்களும் ஒரே சீருடையில் இருந்தார்கள். அணியின் 20 பேரும் கல்லூரி ஹாக்கியில் இருந்து வந்தவர்கள்: மின்னசோட்டாவிலிருந்து 9, பாஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து 4, விஸ்கான்சின், பௌலிங் கிரீன், மின்னசோட்டா டுலூத் ஆகியவற்றிலிருந்து இரண்டிரண்டு பேர், வடக்கு டகோட்டாவிலிருந்து ஒருவர். பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ். சோவியத்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்த மார்க் ஜான்சன், விஸ்கான்சினுக்கு 1973, 1977, 1981 பட்டங்களை வென்று கொடுத்த பாப் ஜான்சனின் மகன்.

அந்த மார்க் ஜான்சனே பின்னாளில் விஸ்கான்சின் மகளிர் அணியின் பயிற்சியாளரானார். மகளிர் போட்டியை என்.சி.ஏ.ஏ. 2001இல்தான் தொடங்கியது, முதல் மூன்று பட்டங்களும் டுலூத்துக்குப் போயின. அதன்பின் ஜான்சனின் விஸ்கான்சின் 2025 வரை எட்டுப் பட்டங்களும், மின்னசோட்டா ஆறும் வென்றன. மின்னசோட்டா மகளிர் 2012-13 பருவத்தில் 41 ஆட்டங்களிலும் வென்றார்கள். ஆனால், இந்தக் கேள்வியின் மையமான சிறிய கல்லூரி வியப்பு அங்கே ஆடவர் போட்டியில் உள்ள அளவுக்கு இல்லை.

இனி அந்த வியப்புக்கு வருகிறேன். ஆடவர் முதற்பிரிவில் ஆடும் கல்லூரிகள் அறுபத்துச் சொச்சம்தான். கூடைப்பந்தில் முந்நூற்றைம்பதுக்கு மேல். பனித்தளம் கட்டுவதும் பராமரிப்பதும் செலவு மிகுந்த வேலை. குளிர்காலம் நீளாத மாநிலங்களில் பையன்கள் அந்த ஆட்டத்தை ஆடி வளர்வதும் இல்லை. ஆகவே அலபாமா, டெக்சாஸ் போன்ற தென்னகப் பெரும்புள்ளிகள் களத்திலேயே இல்லை. மாறாக, மற்ற விளையாட்டுகளில் இரண்டாம் அல்லது மூன்றாம் பிரிவில் ஆடும் கல்லூரிகள் ஹாக்கியில் மட்டும் முதற்பிரிவில் ஆடுகின்றன. மிச்சிகன் டெக் இருக்கும் ஹௌட்டன், பனிப்பொழிவுக்குப் பேர்போன பழைய செம்புச் சுரங்கப் பகுதி. 1904இல் தொடங்கிய முதல் தொழில்முறை ஹாக்கி லீக்கின் வேர் அந்த ஊரில்தான். அத்தகைய ஊரில் ஜான் மக்கின்னஸ் 1962, 1965, 1975 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றது அதிசயமில்லை. லேக் சுப்பீரியர் ஸ்டேட் இருக்கும் சூ செயின்ட் மரி நகரிலிருந்து ஆற்றுப்பாலத்தைக் கடந்தால் கனடா. அங்கும் அதே பெயரில் ஓர் ஊர். சில ஆயிரம் மாணவர்களே படிக்கும் அந்தக் கல்லூரி 1988, 1992, 1994 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன் ஆனது. 1994 இறுதியில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 9-1 என்று தோற்கடித்தது.

இடையில் அது தோற்ற 1993 இறுதியை நான் கல்லூரி ஹாக்கியின் மிகச் சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாக வைப்பேன். எதிரணி மெய்ன், அந்தப் பருவம் முழுவதிலும் ஒரே ஒரு தோல்வி கண்ட அணி. இரண்டு பகுதிகள் முடிந்தபோது 4-2 என்று பின்தங்கியிருந்தது. மூன்றாம் பகுதியில் அணித்தலைவர் ஜிம் மான்ட்கோமரி ஐந்து நிமிடத்துக்குள் தொடர்ந்து மூன்று கோல் அடித்தார். மூன்றுக்கும் பக்கை எடுத்துக் கொடுத்தவர் முதலாண்டு மாணவர் பால் கரியா. 5-4 என்று மெய்ன் வென்றது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2017இல், அதே மான்ட்கோமரி டென்வரின் பயிற்சியாளராக இன்னொரு பட்டம் வென்றார்.

போட்டி நடத்தும் முறையும் சிறியவர்களுக்குச் சாதகம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நான்கு அணிகளோடு நடந்தது, 1981இல் எட்டாகவும் 1988இல் பன்னிரண்டாகவும் 2003இல் பதினாறாகவும் விரிந்தது. 1981 முதல் சில ஆண்டுகள் காலிறுதியில் இரண்டு ஆட்டங்கள் ஆடி மொத்த கோல் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். இன்றோ எல்லாம் ஒற்றை ஆட்டம்: நான்கு பிராந்தியங்களில் நான்கு நான்கு அணிகள், அவற்றில் வென்ற நான்கும் சேரும் கடைசிக் கட்டம் 'ஃப்ரோஸன் ஃபோர்'. சமனானால், முதல் கோல் விழும்வரை முழு இருபது நிமிடப் பகுதிகளாகக் கூடுதல் நேரம். 1984 இறுதியில் பௌலிங் கிரீனும் டுலூத்தும் லேக் பிளாசிடில் நான்காவது கூடுதல் நேரம்வரை ஆடின. டுலூத் 4-3 என்று முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில், பக் பக்கச் சுவரின் இணைப்பில் பட்டுத் திசைமாறி, கோல்கீப்பர் வெளியே வந்திருந்த கோலின் முன்னால் வந்து விழுந்தது. அதுவே சமன் செய்த கோல். ஒரு சுவரின் விளிம்பு தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கக்கூடிய விளையாட்டில், ஐம்பதாயிரம் மாணவர்கள் படிக்கும் பல்கலைக்கழகம் என்ற பெருமை பெரிதாக உதவாது. ஒரு கோல்கீப்பருக்கு ஒரு நல்ல இரவு அமைந்தால் போதும். 2006இல் மேற்குப் பிராந்தியத்தின் முதல்நிலை அணியான மின்னசோட்டாவைச் சின்னஞ்சிறு ஹோலி கிராஸ் கல்லூரி கூடுதல் நேரத்தில் 4-3 என்று வீழ்த்தியது. 2009இல் பதினாறாவது இடத்தில் வைக்கப்பட்ட பெமிட்ஜி ஸ்டேட் கடைசி நால்வருள் ஒன்றாயிற்று.

யேல், ஹார்வர்டு போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை கொடுப்பதே இல்லை. ஆயினும் 1989இல் ஹார்வர்டு, மின்னசோட்டாவின் சொந்த மண்ணான செயின்ட் பாலில், அதே மின்னசோட்டாவைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்றது. அதற்குச் சற்று முன்புதான் மின்னசோட்டா அடித்த பக் கோல்கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தது. யேலின் 2013 கதை இன்னும் விநோதமானது. மற்றவர்களின் ஆட்ட முடிவுகள் சாதகமாக அமைந்ததால் மட்டுமே பதினாறு பேருக்குள் நுழைந்த அணி அது. இறுதியில் எதிர்கொண்டதோ பக்கத்து ஊரான ஹாம்டனின் குவினிபியாக். அந்தப் பருவத்தில் யேலை மூன்று முறை தோற்கடித்த அணி. நான்காவது சந்திப்பில் யேல் 4-0 என்று வென்றது. மறு ஆண்டு, சுமார் 2,200 மாணவர்களே படிக்கும் ஸ்கெனெக்டடியின் யூனியன் கல்லூரி மின்னசோட்டாவை 7-4 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் யூனியனின் தடுப்பாட்டக்காரர் ஷேன் கோஸ்டிஸ்பெஹர் பனித்தளத்தில் இருந்த நேரத்தை மட்டும் கணக்கிட்டால், யூனியன் ஏழு கோல் முன்னிலை.

மின்னசோட்டாவை நான் அடிக்கடி இழுப்பதற்குக் காரணம் உண்டு. 2002இல் செயின்ட் பாலில் மெய்னுக்கு எதிரான இறுதியில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்றது அந்த அணி. மின்னசோட்டாப் பிள்ளைகளால் நிறைந்த அணியில் ஒரே வெளிமாநிலத்தவரான கிராண்ட் போட்டுல்னிதான் வெற்றி கோலை அடித்தார் என்பதை மரியுச்சி எப்படி ரசித்திருப்பாரோ தெரியாது. 2003இலும் வென்றது. அதன்பின் பட்டமே இல்லை. 2014இல் யூனியனிடம் தோற்றது. 2023இல் 2-0 என்று முன்னிலை பெற்றும், குவினிபியாக் சமன் செய்து, கூடுதல் நேரம் தொடங்கிய பத்தாவது விநாடியில் ஜேக்கப் குயிலன் அடித்த கோலில் தோற்றது. குவினிபியாக்கின் பயிற்சியாளர் ராண்ட் பெக்னோல்டு 1994இல் பொறுப்பேற்றபோது அந்த அணி முதற்பிரிவிலேயே இல்லை.

பணம் மிகுந்த 'பிக் டென்' கூட்டமைப்பின் பல்கலைக்கழகங்கள் 2013இல் தங்களுக்கென்று தனி ஹாக்கி லீக் அமைத்தன. பழைய லீகுகள் சிதைந்தன. கைவிடப்பட்டவர்களுள் டென்வர், வடக்கு டகோட்டா, டுலூத், வெஸ்டர்ன் மிச்சிகன் உள்ளிட்டோர் சேர்ந்து என்.சி.எச்.சி. என்ற புதிய லீகைத் தொடங்கினார்கள். அதற்குப் பின் 2025 வரை நடந்த பதினொரு போட்டிகளில், நோய்த்தொற்றால் ரத்தான 2020ஐ விட்டுவிட்டால், என்.சி.எச்.சி. அணிகள் ஏழு பட்டம் வென்றன. பிக் டென் அணிகள் ஒன்றும் வெல்லவில்லை. இப்போதைய பிக் டென் உறுப்பினர் ஒருவர் கடைசியாக வென்றது 2007இல், மிச்சிகன் ஸ்டேட். 1998க்குப் பிறகு மிச்சிகனுக்குப் பட்டம் இல்லை.

டென்வரின் கதை தனி. அது பெரிய பல்கலைக்கழகமும் இல்லை, அமெரிக்கக் கால்பந்து அணியும் வைத்துக்கொள்ளவில்லை. ஹாக்கிதான் அதன் முதன்மை விளையாட்டு. 2004 இறுதியில் மெய்னுக்கு எதிராக 1-0 என்ற நிலையில், கடைசி ஒரு நிமிடத்துக்கும் மேல், தண்டனையால் கோல்கீப்பர் நீங்கலாக மூன்று பேராகக் குறைந்து ஆறு பேரைத் தடுத்து நின்று வென்ற அணி அது. இப்போதைய பயிற்சியாளர் டேவிட் கார்ல், டென்வருக்கு ஆட வரவிருந்தபோது இதயத் தசைக் கோளாறு கண்டறியப்பட்டு ஆட்டத்தையே கைவிட நேர்ந்தவர். பல்கலைக்கழகம் உதவித்தொகையைத் தொடர்ந்தது; அவர் மாணவ உதவிப் பயிற்சியாளராக இருந்து, 28 வயதில் தலைமைப் பயிற்சியாளராகி, 2022இலும் 2024இலும் வென்றார். 2024இல் பாஸ்டன் காலேஜை 2-0 என்று வென்றபோது டென்வரின் எண்ணிக்கை பத்தாகி, மிச்சிகனின் ஒன்பதைத் தாண்டியது. அவற்றுக்கு அடுத்து வடக்கு டகோட்டா எட்டு, விஸ்கான்சின் ஆறு. 2025 அரையிறுதியில் இரண்டாவது கூடுதல் நேரத்தில் டென்வரை வீழ்த்திய வெஸ்டர்ன் மிச்சிகன், இறுதியில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-2 என்று வென்று தன் முதல் பட்டத்தைப் பெற்றது.

இந்த நிலை நீடிக்குமா என்பது கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் மூன்று முதன்மை ஜூனியர் லீகுகளில் ஆடியவர்களைத் தொழில்முறையினர் என்று கருதிக் கல்லூரிகள் நெடுங்காலம் விலக்கிவைத்திருந்தன. அந்தத் தடையை 2024 நவம்பரில் என்.சி.ஏ.ஏ. நீக்கி, 2025 ஆகஸ்ட் முதல் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. முதலில் வந்த பெரிய பெயரான கேவின் மக்கென்னா சேர்ந்தது பிக் டென்னின் பென் ஸ்டேட்டில். தலைசிறந்த ஐந்தாறு பேர் பணம் இருக்கும் இடத்துக்கே போவார்கள் என்பது தெரிந்ததே. ஆனால், அவர்களுக்கு அடுத்த நிலையில், இருபது வயது முடிந்தும் தொழில்முறை அழைப்பு வராத கனடிய இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். 1958இல் ஆம்ஸ்ட்ராங் தேடிப்போனதும் அவர்களைத்தான். ஹௌட்டனும் சூ செயின்ட் மரியும் அவர்களுக்கு இன்றும் கூப்பிடு தொலைவில்தான் இருக்கின்றன.